கல்லட்டி இறங்கும் ஜிப்ஸிக்கு எந்த பிரேக் பேடு?

ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் வரும் மசினகுடியிலிருந்து ஒரு தம்பி, தன் மாருதி ஜிப்ஸி ஜீப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், அதனால் தேவையானதை மட்டும் தருகிறேன்:

"அண்ணா, வணக்கம். எங்களிடம் இருப்பது 2004 மாடல் ஜிப்ஸி கிங், ஹார்டு டாப். ஓடை தாண்டிப் போகும் தோட்டத்து மண்பாதைக்கும் இதுதான், வாரம் இரண்டு மூன்று தடவை ஊட்டிக்குப் போய்வருவதற்கும் இதுதான். டயர் 235/75 போட்டிருக்கிறேன். போன மாதம் கல்லட்டி வழியாக இறங்கும்போது பாதி வளைவு தாண்டியதும் எரிந்த வாடை வந்தது, அப்புறம் பெடல் மெத்தென்று கீழே போய்விட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் விட்டதும் பழையபடி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் வலது சக்கரத்தில் உள்பக்கப் பேடு தகரம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கப் பேடு பாதிக்கு மேல் இருக்கிறது. இடது பக்கம் இரண்டும் ஒரே மாதிரி. கடையில் மூன்று வகை காட்டுகிறார்கள். கம்பெனி பேடு, மூன்று மடங்கு விலையில் 'செராமிக்', அப்புறம் பெயர் தெரியாத 'ஃபுல் மெட்டல்'. மலைக்கு மெட்டல்தான் சரி என்கிறார் மெக்கானிக். எதை வாங்கட்டும்?"

தம்பி, கம்பெனி பேடை வாங்குங்கள், இல்லையென்றால் அதே தரத்தில் பேர் உள்ள கம்பெனி போடும், உலோகம் ஓரளவு கலந்த செமி மெட்டாலிக் பேடை வாங்குங்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் எந்தப் பேடு போட்டாலும் அடுத்த மாதம் அதே வளைவில் அதே பெடல் மறுபடியும் கீழே போகும், ஏனென்றால் நீங்கள் சொல்லியிருக்கும் கோளாறு பேடில் இல்லை. கடிதத்திலேயே மூன்று தடயம் வைத்திருக்கிறீர்கள், அதையெல்லாம் விட்டுவிட்டு கடைசி வரியில் பேடைக் கேட்கிறீர்கள்.

முதலில் பெடல். இறக்கத்தில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம், அதைக் கால்தான் கண்டுபிடிக்கும். பெடல் கல் மாதிரி நிற்கிறது, பலமாக மிதித்தும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது, இது ஒரு விதம். இதில் பேடின் தேய்மானப் பொருள் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்திருக்கும், இதற்குத்தான் பேடை மாற்ற யோசிக்க வேண்டும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போகிறது, ஆறவிட்டால் திரும்ப வருகிறது, இது இன்னொரு விதம். இதில், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும், அதனால் உங்கள் கால் பலம் முழுவதும் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும், பிஸ்டனுக்கு எதுவும் போய்ச் சேராது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் திரும்பிவிடும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

பிரேக் ஆயில் ஏன் கொதித்தது? அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், டப்பாவை மூடி வைத்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்த விதி 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. ஊட்டி மூடுபனியிலும் மாயாற்றுப் பக்க ஈரத்திலும் நிற்கிற வண்டியில் எத்தனை வருஷமாக ஒரே ஆயில் ஓடுகிறது என்று மெக்கானிக்கைக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது. குறைந்தால் மேலே ஊற்றுவார்களே தவிர முழுசாக மாற்றுவது நம் ஊர்ப் பட்டறைகளில் அபூர்வம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழையதை முழுசாக வெளியேற்றிவிட்டு டாட் 4 ஊற்றுங்கள். டாட் 3 இருந்த இடத்தில் டாட் 4 ஊற்றலாம், பிரச்சினை இல்லை. டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கோன், மற்றதோடு சேராது. டாட் 5.1 என்பது வேறு சரக்கு, அது சேரும், ஆனால் உங்களுக்கு அவசியமில்லை. சீல் உடைத்து ஆறு மாதம் ஷெல்ஃபில் கிடந்த அரை டப்பாவைக் கொண்டு வந்து யாராவது ஊற்ற வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடயம் வலது பக்கத்து உள்பேடு. இதுதான் ஆணிவேர் என்று நினைக்கிறேன். ஜிப்ஸியின் முன் காலிப்பரில் பிஸ்டன் ஒன்றுதான், அது உள்பக்கம் இருக்கிறது. நீங்கள் மிதித்தால் பிஸ்டன் உள்பேடை டிஸ்கில் அழுத்தும், அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். அந்தப் பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள்பேடு மட்டும் எல்லா வேலையும் பார்க்கும், வெளிப்பேடு சும்மா உட்கார்ந்திருக்கும். அதோடு, காலை எடுத்த பிறகும் காலிப்பர் தளராமல் உள்பேடு டிஸ்கை உரசிக்கொண்டே வரும், அந்தச் சூடு பிஸ்டன் வழியாக நேரே ஆயிலுக்குப் போகும். ஆக எரிந்த வாடை, ஒரு பக்கத் தேய்மானம், பெடல் கீழே போனது, மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

சோதிப்பது சுலபம். காலிப்பரைக் கழற்றி (ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள்) பின்களை விரலால் உள்ளே வெளியே இழுத்துப் பாருங்கள். நல்ல பின் கைக்கு வழுக்கிக்கொண்டு வரும். உங்களுடையதை இழுத்தால் பிளையர் கேட்கும் என்று நினைக்கிறேன், வெளியே வந்தால் அதன் மேல் காப்பித்தூள் நிறத்தில் காய்ந்துபோன பழைய கிரீஸ் அப்பியிருக்கும், ரப்பர் பூட்டில் எங்கேயாவது ஒரு கீறல் இருக்கும். நீங்கள் ஓடையில் வண்டியை இறக்குகிற ஆள், அந்தக் கீறல் வழியாகத்தான் தண்ணீரும் சேறும் உள்ளே போயிருக்கும். பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள், குழி விழுந்திருந்தால் புதிதாக மாற்றுங்கள், பூட் இரண்டையும் எப்படியும் புதிதாகப் போடுங்கள். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான் தடவ வேண்டும். பேரிங்குக்கு வைக்கும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதிப்போகச் செய்யும், இரண்டு மாதத்தில் ஸ்லைடு பின் முன்பைவிட இறுகிவிடும்.

ஸ்லைடு பின் நன்றாக நகர்ந்தால் சந்தேகம் பிஸ்டன் மேல். காலிப்பரில் ஏர் வெளியேற்றும் பிளீடர் நட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டு சி கிளாம்ப் போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளுங்கள். சீராக உள்ளே போக வேண்டும். திக்கித் திக்கிப் போனால் காலிப்பர் கிட் மாற்ற வேண்டும், பிஸ்டனில் துருக்குழி இருந்தால் பிஸ்டனும் சேர்த்து. அப்படியே பேடின் காது உட்காரும் இடத்தையும் பாருங்கள், அங்கிருக்கும் கிளிப்புக்கு அடியில் துரு தடித்துப் பேடைக் கவ்விப் பிடித்திருக்கும். கம்பி பிரஷ் போட்டு பிராக்கெட்டைச் சுத்தம் செய்யுங்கள். பேடு உள்ளே போகவில்லை என்று பேடின் காதை அரத்தால் ராவுகிற வேலை நம் ஊரில் சகஜம், அதை அனுமதிக்காதீர்கள்.

மூன்றாவது தடயத்தை நீங்கள் தடயமென்றே நினைத்திருக்க மாட்டீர்கள். டயர். ஜிப்ஸி கிங்கின் கம்பெனி அளவு 205/70 ஆர்15, அதன் விட்டம் கணக்குப் போட்டால் 668 மில்லிமீட்டர். நீங்கள் போட்டிருக்கும் 235/75 ஆர்15 ஏறத்தாழ 733. டிஸ்க் அதேதான், பேடு அதேதான், ஆனால் சக்கரத்தின் ஆரம் பத்து சதம் கூடியதால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறத்தாழ ஒன்பது சதம் குறைந்துவிட்டது. அதற்கு மேல் டயரின் கூடுதல் எடை. ஸ்டீல் பம்பர், மேலே கேரியர் என்று வேறு ஏதாவது ஏற்றியிருந்தால் அதுவும் சேரும். டயரைக் கழற்றுங்கள் என்று சொல்லவில்லை, அந்த மண்பாதையில் அதன் அருமை எனக்குத் தெரியும். பிரேக்கில் கம்பெனி விட்டுவைத்த உபரியை டயர் ஏற்கனவே எடுத்துக்கொண்டது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இப்போது கல்லட்டி. 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் சுற்றுலா வண்டிகளை அதில் இறங்க விடாததற்குக் காரணமே பிரேக் போய் நடந்த விபத்துகள்தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு ஏறத்தாழ 1200 மீட்டர் உயர வித்தியாசம். ஆளும் சாமானுமாக உங்கள் வண்டி 1300 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் கரைக்க வேண்டிய ஆற்றல் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே வண்டியைக் கிட்டத்தட்ட 50 தடவை அடுத்தடுத்து முழுசாக நிறுத்துவதற்குச் சமம். எஞ்சின் எதையும் தாங்காவிட்டால் இது முழுவதும் பிரேக்கில்தான் விழும். ஜிப்ஸியின் முன் டிஸ்க் உள்ளே காற்று ஓடும் வழி இல்லாத ஒற்றைத் தட்டு, அவ்வளவு சூட்டை ஆற்றிக்கொள்ள அதற்கு வழியில்லை. எந்தப் பேடு கம்பெனிக்காரனாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது, கியரால்தான் முடியும். ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது அப்படியே சரி. கல்லட்டியில் உங்களுக்கு இரண்டாவது கியர், சில இடங்களில் முதல் கியர். எஞ்சின் சத்தம் கேட்டுப் பயப்படாதீர்கள், அது சிவப்புக் கோட்டைத் தொடாதவரை ஒன்றும் ஆகாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். உங்களுடையது மாதிரி இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் விடும் எம்பிஎஃப்ஐ எஞ்சினில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம், இரண்டு மூன்று மிதியில், உங்கள் கால் பலத்துக்கு உதவும் பூஸ்டரின் வாக்குவம் காலியாகிவிடும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு, பூஸ்டரின் உதவியும் அந்த அளவு குறையும், கோவையில் மிதிப்பதைவிட ஊட்டியில் பெடல் இறுக்கமாக இருப்பது அதனால்தான்.

நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியரான ஃபோர் லோ போட்டு இறங்கலாமா என்று அடுத்த கடிதம் வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சேற்று இறக்கத்தில் தாராளமாகப் போடுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் ஜிப்ஸியில் கிடையாது, கொண்டை ஊசியில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும், வழுக்க இடம் இல்லாத தாரில் அந்த வித்தியாசம் முழுவதும் ஷாஃப்டையும் கியரையும் முறுக்கும்.

சரி, பேடுக்கு வருவோம்.

பேடின் ஓரத்திலோ பின்தகட்டிலோ ஒரு நீண்ட எண்ணும் அதோடு இரண்டு ஆங்கில எழுத்தும் அச்சாகியிருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எந்த வீர வசனத்தையும்விட அந்த இரண்டு எழுத்து முக்கியம். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது நல்ல சூடேறிய பிறகு எவ்வளவு என்பது. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. உங்களுக்கு வேண்டியது எஃப்எஃப். ஈஈ போட்டால் பெரிய டயரோடு சேர்ந்து கால் வலிக்கும். ஜிஜி கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத, பின்னால் டிரம் உள்ள, எடை குறைந்த வண்டி இது. முன்னால் மட்டும் பிடியைக் கூட்டினால் மழையில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் நேராகப் போகும். எஃப்ஈ மாதிரி இரண்டாவது எழுத்து இறங்கினால் சூட்டில் பிடி குறைகிறது என்று அர்த்தம், மலைக்கு அது வேண்டவே வேண்டாம். ஒன்று நினைவில் இருக்கட்டும், இந்த எழுத்துகள் பேடு எத்தனை நாள் உழைக்கும் என்றோ டிஸ்கை எவ்வளவு தின்னும் என்றோ சொல்லாது. எழுத்தே இல்லாத பேடை வாங்காதீர்கள். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும் போட்டு, பக்கத்தில் 90ஆர் என்று இருந்தால் அது ஐரோப்பிய மாற்றுப்பேடு விதிப்படி ஒரிஜினலோடு ஒப்பிட்டுச் சோதித்தது, கிடைத்தால் நல்லது.

மெக்கானிக் சொல்லும் 'ஃபுல் மெட்டல்' பற்றி. மலைக்கு உலோகம் கலந்த பேடு நல்லது என்பது பொய்யில்லை, சூட்டைத் தாங்கும், ஓடையில் நனைந்தாலும் சீக்கிரம் பிடிக்கு வரும். ஆனால் இரும்பு அதிகமாக அதிகமாக இரண்டு தொல்லை கூடவே வரும். டிஸ்க் சீக்கிரம் தேயும், அப்புறம் சூடாகும்வரை சரியாகப் பிடிக்காது. உங்கள் ஊரில் காலையில் வண்டியை எடுத்து முதல் திருப்பத்திலேயே குறுக்கே மான் கூட்டம் நிற்கும், சமயத்தில் யானையே நிற்கும், அங்கே ஆறிய பேடின் முதல் மிதிதான் உங்களைக் காப்பாற்ற வேண்டும். பேர் தெரியாத மெட்டல் பேடில் இந்தக் கணக்கை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, உலோகம் சூட்டை நன்றாகக் கடத்தும், பேடு தாங்கிக்கொண்டு பின்னால் இருக்கும் ஆயிலுக்குச் சூட்டை அனுப்பிவிடும். பழைய ஆயிலோடு அதைப் போட்டால் உங்கள் பெடல் முன்பைவிடச் சீக்கிரம் கீழே போகும்!

செராமிக் மோசமான பொருள் இல்லை. சத்தம் குறைவு, கரித்தூள் குறைவு, டவுனில் ஓடும் காருக்கு அருமை. உங்கள் வீல் ரிம்மில் கரித்தூளா சேறா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? பெட்டியில் செராமிக் என்று அச்சடிப்பதற்கு யாரும் அனுமதி கேட்பதுமில்லை. அந்த மூன்று மடங்கு பணத்தில் பின் பக்க டிரம் வேலையை முடித்துவிடலாம்.

அதையும் முடித்துத்தான் ஆக வேண்டும். ஓடை இறங்கும் வண்டியில் டிரம்முக்குள் போன சேறு வெளியே வராது, உள்ளேயே கிடந்து லைனரையும் டிரம்மையும் சேர்த்து அரைக்கும். டிரம்மைக் கழற்றுங்கள், வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பார்த்து ஈரமாக இருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள், சுத்தம் செய்து ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் மெலிதாக உரசும் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். பின் பிரேக் தன் பங்கைச் செய்யாத வண்டியில் முன் பிரேக்தான் அத்தனையும் சுமக்கும். தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தண்ணீரோ பிரேக் கிளீனரோ ஊற்றி நனைத்துத் துடையுங்கள்.

ஜிப்ஸி தயாரிப்பு நின்றுவிட்டாலும் ராணுவத்தில் ஏராளமாக ஓடியதால் பேடு கிடைப்பது கஷ்டமில்லை, போலி கிடைப்பதும் கஷ்டமில்லை. பழைய பேடைக் கையோடு கொண்டுபோய் புதியதன் மேல் வைத்துப் பாருங்கள், தகட்டின் கனம், காதின் அளவு, துளை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். தகடும் தேய்மானப் பொருளும் ஒட்டும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வலது பக்கம் மட்டும் மாற்றலாமா என்று யோசிக்காதீர்கள், நாலு பேடும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும்.

டிஸ்க்கையும் விடாதீர்கள். உள்பேடு தகரம் தெரியத் தேய்ந்தது என்றால் டிஸ்கின் உள்முகத்தைத் தகரம் உழுதிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கையை வளைத்துத் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுக்கலாம், ஆனால் சீவிய பிறகு மைக்ரோமீட்டரில் அளந்து சர்வீஸ் மேனுவல் சொல்லும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் தாராளமாக இருந்தால்தான் திரும்ப மாட்ட வேண்டும். நீலம் பாரித்த திட்டுகளோ மயிரிழை விரிசலோ கண்டால் லேத் செலவு வீண், புது டிஸ்க் ஜோடியாகப் போடுங்கள். மெல்லிய டிஸ்க் இன்னும் சீக்கிரம் சூடாகும்.

எல்லாம் மாட்டி, தூரத்திலிருக்கும் பின் சக்கரத்தில் தொடங்கி பிரேக் ஆயிலில் சிக்கிய ஏரை எடுத்து, பெடல் உயரத்தில் இறுக்கமாக நிற்கிறது என்று தெரிந்த பிறகு பேடைப் பழக்க வேண்டும். மாவனல்லா பக்கம் சமமாகக் கிடக்கும் சாலையில் பகலில் ஆடு மாடு இல்லாத நேரம் பார்த்து, 50 வேகத்திலிருந்து 10க்கு, முழுசாக நிற்காமல், நடுத்தரமான மிதியில் எட்டுப் பத்து தடவை குறையுங்கள், நடுவில் கொஞ்சம் ஓடி ஆறவிடுங்கள். கடைசித் தடவைக்குப் பிறகு பிரேக்கை மிதித்தபடி நிறுத்தி வைக்காதீர்கள், சூடான பேடு டிஸ்கில் ஒரே இடத்தில் அச்சுப் பதித்துவிடும். புதுப் பேடிலிருந்து முதலில் லேசாக வாடை வரும், அது பிசின் வேகும் வாடை, இரண்டு நாளில் போய்விடும். பிறகு வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு முன் ரிம்மையும் புறங்கையால் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வலதும் இடதும் ஒரே அளவு சூடாக இருந்தால் ஸ்லைடு பின் வேலை சரியாக முடிந்தது. வலது மட்டும் சுட்டால் அந்தக் காலிப்பரை மறுபடியும் கழற்றுங்கள், அதுவரை கல்லட்டி வேண்டாம், கூடலூர் சுற்றிப் போய் வாருங்கள்.